பெட்டியில் கோழி, கட்டியில் உப்பு

சிராங்கூன் சாலை மளிகைக் கடையானாலும் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள பேரங்காடியானாலும் ‘ஸ்டாக் கியூப்’ பெட்டியின் முன்பக்கத்தில் கொழுத்த கோழியின் படம் இருக்கும். பெட்டியைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமுள்ள பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலான பெட்டிகளில் முதலில் வருவது கோழி அல்ல, உப்பு. கோழி எங்கோ கடைசி வரிகளில் கொழுப்பாகவோ பொடியாகவோ இருக்கும்.

வேலை முடிந்து களைப்போடு வரும் பெற்றோருக்கு இந்தக் கட்டி பெரிய உதவிதான். வாங்கவே கூடாது என்பதில்லை. எதை வாங்குவது, எவ்வளவு போடுவது என்பதற்கு ஒரு கணக்கு தெரிந்தால் போதும்.

உப்பின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு சோடியம். ஒருவர் ஒரு நாளில் 2,000 மில்லிகிராம் சோடியத்தைத் தாண்டக் கூடாது. அது 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. ஆனால் 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக 3,620 மில்லிகிராம் உட்கொள்கிறார்கள்.

இப்போது 10 கிராம் எடையுள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உப்பு என்றால் சோடியம் 2,000 மில்லிகிராம். ஒரு பெட்டியில் ‘100 கிராமில் 20,000 மில்லிகிராம்’ என்று அச்சிட்டிருக்கும், பார்த்ததும் பயந்துவிடுவோம். இன்னொன்றில் ‘தயாரித்த சூப் 100 மில்லிலிட்டரில் 400 மில்லிகிராம்’ என்று இருக்கும். நிம்மதியாகக் கூடையில் போடுவோம். கட்டியை அரை லிட்டர் நீரில் கரைத்தால் இரண்டும் ஒன்றுதான்! எனவே ஒப்பிடும்போது இரு பெட்டியிலும் ஒரே அளவையைப் பாருங்கள். பிறகு உங்கள் கிண்ணத்துக்குக் கணக்கிடுங்கள். 250 மில்லிலிட்டர் குடித்தால் 1,000 மில்லிகிராம், அன்றைய அளவில் பாதி.

‘25 விழுக்காடு குறைவான சோடியம்’ என்ற வாசகமும் இப்படித்தான். குறைவு என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கிண்ணத்தில் 750 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறது.

இரத்தத்தில் சோடியம் கூடினால் அதைச் சமன்செய்ய உடல் நீரைத் தேக்கிவைக்கிறது. உப்பான சூப் குடித்தபின் தாகம் எடுப்பதும் இதனால்தான். குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடுவதால் சுவர்களில் அழுத்தம் ஏறுகிறது. மிகுதியான சோடியத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்றும். ஆனால் நாள்தோறும் இதே சுமை என்றால் அவையும் திணறும். 2021-2022இல் சிங்கப்பூரில் பெரியவர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது.

‘எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை’ என்ற வரியைப் பார்த்து வாங்குவோர் பலர். அந்த வரி உப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். எம்எஸ்ஜி அதன் சோடியம் உப்பு. அதில் சோடியம் 12 விழுக்காடுதான், சாப்பாட்டு உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. எம்எஸ்ஜி இல்லாத கட்டியில் உப்பு கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு.

அதே குளுட்டமேட் பழுத்த தக்காளியிலும் இருக்கிறது. தேக்கா சந்தையில் கிடைக்கும் காய்ந்த நெத்திலியில் இனோசினேட் என்ற பொருள் உண்டு. இரண்டும் சேரும்போது சுவை பல மடங்கு கூடும். (நெத்திலியை உப்பு நீரில் வேகவைத்தே காயவைக்கிறார்கள், நன்றாகக் கழுவிப் போடுங்கள்.) தக்காளி, நெத்திலி, மிளகு, சீரகம் போட்டுக் கொதித்த நீரில் அரைக் கட்டி போதும். முதல் சில நாள் சப்பென்று இருக்கலாம். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

சோடியம் குறைந்த சில வகைகளில் உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது நல்ல மாற்று. ஆனால் பழுதடைந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. அது கூடினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். வீட்டில் தாத்தா பாட்டிக்குச் சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே அதை வாங்க வேண்டும்.

பானங்களில் நாம் பார்க்கும் ‘நியூட்ரி-கிரேட்’ தரக்குறியீடு 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உப்பு, சாஸ், சுவையூட்டிகளுக்கும் வரவிருக்கிறது. அதுவரை பெட்டியின் பின்பக்கமும் பெருக்கல் கணக்கும்தான்.