பணம் அனுப்புகிறவருக்கு நிறுத்தும் அதிகாரம்

சிறு நிறுவனங்களில் சைபர் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் ஆன்டிவைரஸ் வாங்கியாகிவிட்டதா என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. பணம் அதிகம் போகும் வழியோ வேறு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நடத்தும் இணையக் குற்றப் புகார் மையத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வணிக மின்னஞ்சல் மோசடியில் தவறான கணக்குகளுக்குப் போனதாகப் பதிவான தொகை ஏறத்தாழ 290 கோடி டாலர். கம்ப்யூட்டரை முடக்கிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேரால் பதிவான இழப்பு 6 கோடி டாலருக்கும் குறைவு. ரேன்சம்வேரால் வேலை நின்ற நஷ்டம் இந்தக் கணக்கில் முழுதாக வராது என்பது உண்மைதான். அதைச் சேர்த்துப் பார்த்தாலும், கணக்குப் பிரிவில் இருப்பவர் தன் கையாலேயே அனுப்பிவிடும் பணம்தான் நாம் முதலில் கவலைப்பட வேண்டிய விஷயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்வோம். நூல் மில், டையிங், பிரிண்டிங், அட்டைப்பெட்டி என்று வாரந்தோறும் பல பேருக்குப் பணம் போகும். சனிக்கிழமை வந்தால் ஆட்களுக்குச் சம்பளம். அத்தனையையும் பார்ப்பவர் ஒரே அக்கவுன்டன்ட். கம்பெனியின் பொது மெயில் பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும், மெர்ச்சண்டைசருக்கும் தெரியும், வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். போலி லாகின் பக்கத்தில் இவர்களில் யாராவது ஒரே ஒரு முறை அதை அடித்துவிட்டால் போதும். உள்ளே வந்தவன் அவசரப்படுவதில்லை. ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’ என்ற சொற்கள் உள்ள மெயில்கள் தனக்கும் வந்து சேரும்படி செட்டிங்ஸில் ஒரு ஃபில்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பான். பிறகு நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அப்படியே இருக்கும். அதைத் தனியாகத் தேடி நீக்க வேண்டும். நூல் மில்லின் பில் வரும் நாளில் அதே லெட்டர்ஹெட், அதே தொகை, அதே ஜிஎஸ்டி எண்ணோடு இன்னொரு மெயில் வரும். ஆடிட் நடக்கிறது, பழைய கணக்கில் போட வேண்டாம், இந்தப் புதிய கணக்கில் போடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். அனுப்பியவரின் முகவரியில் ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நிற்கும். செல்போன் திரையில் இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் எளிதில் படாது.

ஆட்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, கூர்ந்து பார்க்கச் சொன்னால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வெரிசான் நிறுவனத்தின் 2024 அறிக்கை இந்த நம்பிக்கையைக் குலைக்கிறது. போலி மெயிலில் ஏமாந்தவர்களில் பாதிப் பேர், மெயிலைத் திறந்த 21 வினாடிக்குள் லிங்கைத் தொட்டுவிட்டார்கள். விவரங்களை நிரப்ப அடுத்த 28 வினாடி போதுமாக இருந்தது. வேலை நெருக்கடியில் இருக்கும் மனிதரின் கண்ணை மட்டும் காவலுக்கு வைக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், கீழ்ப்படியும் பழக்கம். 2022 செப்டம்பரில் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டில், தலைமைச் செயல் அதிகாரியின் பெயரில் ஓர் இயக்குநருக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. குறிப்பிட்ட கணக்குகளுக்கு உடனே பணம் அனுப்பச் சொன்னது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இயக்குநர் மட்டத்திலேயே இப்படி என்றால், மாதச் சம்பளத்துக்கு இருக்கும் அக்கவுன்டன்ட் ‘சார், நீங்கள்தான் அனுப்பினீர்களா?’ என்று கேட்கத் துணிவாரா?

‘நாங்கள் சின்னக் கம்பெனி, எங்களை யார் குறிவைப்பார்கள்?’ என்பது அடுத்த வாதம். போலி மெயில் ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் போகிறது. அளவு பார்த்து யாரும் அனுப்புவதில்லை. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசவுஸ்கஸ் என்பவர் 2013 முதல் 2015 வரை போலி பில்கள் அனுப்பியே கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். நூலுக்கு வைத்திருந்த பணம் போனால் சிறு நிறுவனத்தில் அடுத்த ஆர்டருக்கு மெஷின் ஓடாது.

சட்டம் காப்பாற்றாதா என்றால், இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் தெரிவித்தால், குறு, சிறு தொழில்களின் நடப்புக் கணக்குக்கு உச்ச இழப்பு 10,000 ரூபாய். ஆனால் இது நீங்கள் அனுமதிக்காத பரிவர்த்தனைக்கான பாதுகாப்பு. போலி பில்லை நம்பி நீங்களே அனுப்பிய பணத்துக்கு இதைக் காட்டி வங்கியிடம் கேட்பது கடினம். பாஸ்வேர்டு, ஓடிபி போன்றவற்றைப் பகிர்ந்ததால் பணம் போனது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு முழுவதும் உங்களுடையதே. முதலாளியின் வங்கி சிம் போட்ட போன் நாள் முழுக்க அக்கவுன்டன்ட் மேஜையில் கிடக்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பதிந்து மற்றவர் ஒப்புதல் தரும் ஏற்பாடு அங்கே பெயரளவுக்குத்தான்.

ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இழப்பீடு கேட்டு, 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளுக்கு, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனு செய்யலாம். தமிழ்நாட்டில் இப்படி மனு செய்த ஒரு வாடிக்கையாளருக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேல் தரும்படி 2010-இல் ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவு வந்தது. மேல்முறையீட்டில் அது உறுதியாக 2019 ஆயிற்று. அவ்வளவு காலம் காத்திருக்க எந்தச் சிறு நிறுவனத்தால் முடியும்?

ஆகவே பணம் அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன்பே பாதுகாப்பு இருக்க வேண்டும். கணக்கு எண் மாறியதாக யார் சொன்னாலும், மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே பதிவில் இருக்கும் எண்ணுக்குப் பேசி உறுதி செய்யும் வரை பணம் போகக் கூடாது. 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போது பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி வங்கிகளில் இருக்கிறது. நூல் மில்லுக்கு அனுப்பும் இடத்தில் யாரோ தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். முதலாளியே போனில் சத்தம் போட்டாலும் இந்த விதி தளராது என்று முதலாளியே கையெழுத்திட்டுத் தர வேண்டும். சப்ளையர் கோபித்துக்கொள்வார், வேலை தாமதமாகும் என்பார்கள். கணக்கு மாறுவது வருஷத்தில் எத்தனை முறை நடக்கிறது? ஐந்து நிமிடப் பேச்சு அது. சப்ளையரின் பணத்தையும் சேர்த்தே அது காப்பாற்றுகிறது.

மெயிலில் நுழையப் பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடத்தான் வேண்டும். கூகுளின் 2019 ஆய்வில், மொத்தமாக அனுப்பப்படும் போலி மெயில் தாக்குதல்களில் 96 சதவீதத்தை எஸ்எம்எஸ் குறியீடு தடுத்தது; ஒருவரைக் குறிவைத்து நடந்தவற்றில் 76 சதவீதத்தைத்தான் தடுத்தது. மிச்சத்துக்கு மனிதர்தான் நிற்க வேண்டும்.

தண்டனை இல்லையென்றால் ஆட்கள் அலட்சியமாக இருப்பார்கள், போன பணத்தைச் சம்பளத்தில் பிடித்தால்தான் புத்தி வரும் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஊதியச் சட்டப்படி, விளக்கம் கேட்காமல் அப்படிப் பிடிக்க முடியாது. நடைமுறையிலும் அது நமக்கே கேடு. பயந்த ஊழியர் மறைப்பார். மறைத்த ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம், மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த பிறர் கணக்குகள் வழியே கைமாறிக்கொண்டிருக்கும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் எஞ்சியிருப்பதை வங்கிகள் முடக்கிவைக்க முடியும். பிறகு நீதிமன்ற உத்தரவின் பேரில் திரும்பப் பெறலாம். வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால், திரும்ப அழைக்கும் செய்தியை அனுப்பும்படி நம் வங்கியையே அன்றைக்கே கேட்க வேண்டும். பரிவர்த்தனையின் யுடிஆர் எண், தொகை, நேரம், போன கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, முதலாளி ஊரில் இல்லாவிட்டாலும், யாரையும் கேட்காமல் அக்கவுன்டன்டே 1930-க்கும் வங்கிக்கும் பேசலாம் என்று முதலாளி கையெழுத்திட்ட அதே காகிதத்தில் எழுதிக்கொடுத்து, அப்படிச் சொன்னதற்காக அவர் வேலை போகாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.