மியெகாகுரே (நிகழ்பட ஆட்டம்)

மியெகாகுரே என்பது மார்க் டென் பாஸ்ச் என்ற நிரலாளர் பல ஆண்டுகளாக உருவாக்கிவரும் புதிர் வகை நிகழ்பட ஆட்டம் ஆகும். பெரிய வெளியீட்டு நிறுவனங்களைச் சாராமல் தனியாட்களோ சிறு குழுக்களோ உருவாக்கும் ஆட்டங்கள் 'இண்டி' ஆட்டங்கள் எனப்படுகின்றன. மியெகாகுரே அந்த வகையைச் சேர்ந்தது. நான்கு இடப் பரிமாணங்கள் கொண்ட ஓர் உலகில் விளையாடுபவர் நடந்து, குதித்து, கட்டைகளைத் தள்ளிப் புதிர்களை விடுவிக்க வேண்டும் என்பதே இதன் சிறப்பு. 2009ஆம் ஆண்டிலேயே இதன் முன்மாதிரி பொதுவெளியில் காட்டப்பட்டது. 2020களின் நடுப்பகுதியை எட்டியும் ஆட்டம் விற்பனைக்கு வரவில்லை. வெளிவராத ஓர் ஆட்டம் இத்தனை காலம் நினைவில் நிற்பது அரிது என்பதால், இண்டி ஆட்டங்களின் வரலாற்றில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு.

பெயர்

'மியெகாகுரே' என்பது சப்பானியச் சொல். தெரிவதும் மறைவதுமாக இருத்தல் என்பது அதன் பொருள். சப்பானியத் தோட்டக்கலையில் இது ஒரு நுட்பத்தின் பெயரும் ஆகும். தோட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டிவிடாமல், வளையும் பாதைகளாலும் மரங்களாலும் மறைத்து, நடக்க நடக்க ஒவ்வொரு பகுதியாகத் தெரியவைப்பார்கள். நாற்பரிமாண உலகத்தின் ஒரு துண்டு மட்டுமே எந்நேரமும் திரையில் தெரியும் என்பதால் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆட்டத்தின் காட்சியமைப்பிலும் சப்பானியத் தோட்டத்தின் சாயல் உண்டு.

நான்காம் பரிமாணம் என்றால் என்ன?

பள்ளியில் 'நான்காவது பரிமாணம் காலம்' என்று படித்தவர்கள் முதலில் அதை ஒதுக்கிவைக்க வேண்டும். சார்பியல் கோட்பாட்டில் காலம் அவ்வாறு கையாளப்படுவது உண்மைதான். மியெகாகுரேயில் வருவது அதுவன்று. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுக்கும் செங்குத்தாக அமைந்த இன்னொரு திசை, அதாவது நடந்துபோகக்கூடிய ஓர் இடத்திசை. நம் உலகில் அப்படி ஒரு திசையைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் கணிதத்தில் அதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்க மூன்று எண்களுக்குப் பதில் நான்கு எண்களைப் பயன்படுத்தினால் போதும். கணினிக்கு மூன்றும் ஒன்றுதான், நான்கும் ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய வழி, ஒரு பரிமாணம் கீழே இறங்கிப் பார்ப்பதாகும். 1884இல் எட்வின் அபட் எழுதிய 'பிளாட்லேண்ட்' என்ற ஆங்கிலக் குறுநாவலில் தாள் போன்ற இருபரிமாண உலகில் சதுரங்களும் முக்கோணங்களும் வாழ்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு கோடு வரைந்தால் அதுவே அவற்றுக்குச் சிறைச்சுவர். தாளுக்கு மேலே எழும்பத் தெரிந்த ஒருவருக்கோ அந்தக் கோடு ஒரு பொருட்டே அல்ல. தூக்கி மறுபுறம் வைத்துவிடலாம். அதே கணக்கில், நான்காவது திசையில் நகரத் தெரிந்தவருக்கு நம்முடைய பூட்டிய அறையும் ஒரு கோட்டுச் சதுரம்தான். சுவரை உடைக்காமல் உள்ளே போகலாம், பெட்டியைத் திறக்காமல் பொருளை எடுக்கலாம். ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரு வளையங்களை வெட்டாமல் பிரிக்கலாம்.

சதுரத்துக்கு 4 முனைகள், 4 பக்கங்கள். அதையே மூன்றாம் திசையில் நகர்த்தினால் 8 முனைகள், 12 விளிம்புகள், 6 முகங்கள் கொண்ட கனசதுரம் கிடைக்கிறது. கனசதுரத்தை நான்காம் திசையில் நகர்த்தினால் கிடைப்பது 16 முனைகள், 32 விளிம்புகள், 24 சதுர முகங்கள், 8 கனசதுரங்கள் கொண்ட உருவம். இதற்கு 'டெசராக்ட்' என்று பெயர். 1888இல் வெளியான நூலொன்றில் சார்லஸ் ஹின்டன் இந்தச் சொல்லை உருவாக்கினார்.

குறுக்குவெட்டு

நாற்பரிமாணப் பொருளை முப்பரிமாணத்தில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிழல் விழச் செய்வது. இணையத்தில் அடிக்கடி காணப்படும், ஒரு கனசதுரத்துக்குள் இன்னொன்று இருப்பது போன்ற சுழலும் டெசராக்ட் படங்கள் அந்த வகை. பார்க்க அழகாக இருந்தாலும் விளையாட அவை உதவா. எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மியெகாகுரே இரண்டாவது வழியான குறுக்குவெட்டைப் பயன்படுத்துகிறது.

வெங்காயத்தை வட்டம் வட்டமாக நறுக்கும்போது முதலில் சிறிய வட்டம், நடுவில் பெரிய வட்டம், முடிவில் மறுபடி சிறிய வட்டம் வரும். தாளுலகில் வாழும் ஒருவருக்கு, தம் உலகை ஊடுருவிச் செல்லும் வெங்காயம் எங்கிருந்தோ தோன்றி, பெருத்து, சுருங்கி, மறையும் வட்டமாகத்தான் தெரியும். நாற்பரிமாணக் கோளம் நம் உலகைக் கடந்தால் நாமும் அப்படித்தான் பார்ப்போம்: ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பந்து முளைத்து, வளர்ந்து, சிறுத்து, காணாமல் போகும். டெசராக்ட் கடந்தால் அது எந்தக் கோணத்தில் வருகிறது என்பதைப் பொறுத்துக் காட்சி மாறும். நேராக வந்தால் ஒரு கனசதுரம் திடீரெனத் தோன்றி அப்படியே நின்று திடீரென மறையும். முனை முன்னால் வந்தால் ஒரு சிறு நான்முகி தோன்றி வளர்ந்து, நடுவில் எண்முகியாகி, மீண்டும் நான்முகியாகச் சுருங்கும்.

ஆட்டம் நடைபெறும் முறை

பார்வைக்கு இது வழக்கமான முப்பரிமாண ஆட்டம் போலவே இருக்கும். ஒரு சிறிய உருவம், கட்டைகள், குதித்து ஏறவேண்டிய மேடைகள். கூடுதலாக ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் திரையில் தெரியும் கிடைமட்டத் திசைகளில் ஒன்று மறைந்து, அதன் இடத்தில் நான்காவது திசை வருகிறது. அழுத்திய நொடியில் உலகம் உருமாறுவது போலத் தோன்றும். புல்வெளியாக இருந்த இடம் புல், மணல், பனி என்று பட்டை பட்டையாகத் தெரியும். உண்மையில் எதுவும் மாறவில்லை. வெட்டும் கத்தியின் திசை மட்டுமே திரும்பியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: விளையாடுபவர் புல்வெளியில் நிற்கிறார், எதிரே கடக்க முடியாத நீண்ட சுவர். பொத்தானை அழுத்தினால் புல்வெளிக்குப் பக்கத்தில் ஒரு மணற்பட்டை தெரிகிறது. அந்த மணற்பட்டையில் சுவர் இல்லை. அதில் இறங்கி முன்னே நடந்து, சுவர் இருக்கும் இடத்தைத் தாண்டியபின் மீண்டும் புல்பட்டைக்கு வந்து பொத்தானை அழுத்துகிறார். இப்போது அவர் சுவருக்கு மறுபுறம். புல்வெளியில் இருந்து பார்த்திருந்த ஒருவருக்கு, அவர் மறைந்து சுவருக்கு அப்பால் தோன்றியதாகத்தான் தெரிந்திருக்கும். மந்திரம் எதுவும் இங்கில்லை, வெறும் வடிவியல்தான். புதிர்கள் யாவும் இந்த ஒரே செயலின் விளைவுகளிலிருந்து பிறக்கின்றன. புதிருக்குப் புதிர் புதுப் புது ஆயுதங்களைச் சேர்த்துக்கொண்டே போகும் ஆட்டங்களிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான். 2011இல் இண்டிகேட் விழாவில் டென் பாஸ்ச், 'பிரெய்ட்' ஆட்டத்தை உருவாக்கிய ஜானதன் புளோவுடன் சேர்ந்து ஆற்றிய உரையும் இதைப் பற்றியதே. ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அதன் விளைவுகளை ஒன்றுவிடாமல் துருவிப் பார்த்து, சுவையானவற்றைப் புதிர்களாக அடுக்கும் முறை அது.

எதிர்பார்ப்பின் வளர்ச்சி

2009இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் சோதனை ஆட்டங்களுக்கான அமர்விலும், அதே ஆண்டு தோக்கியோ ஆட்டக் கண்காட்சியின் 'சென்ஸ் ஆஃப் ஒண்டர் நைட்' நிகழ்ச்சியிலும் மியெகாகுரே காட்டப்பட்டது. 2010இல் ரான்டல் மன்ரோவின் 'எக்ஸ்கேசிடி' இணையச் சித்திரக்கதை ஒன்றில் இது குறிப்பிடப்பட்டது. கணிதமும் நகைச்சுவையும் கலந்த அந்தச் சித்திரக்கதைக்கு உலகெங்கும் வாசகர்கள் உண்டு. ஆட்டங்களையே தொடாத கணித ஆர்வலர்கள் பலரும் மியெகாகுரேயை அறிந்தது இப்படித்தான்.

காலமும் சாதகமாக இருந்தது. 2008இல் வெளியான பிரெய்ட், தனியொருவரின் புதிர் ஆட்டம் உலகளவில் விற்கவும் பேசப்படவும் முடியும் என்று காட்டியிருந்தது. 2007இல் அறிவிக்கப்பட்ட 'ஃபெஸ்' 2012இல் வந்தது. புளோவின் அடுத்த ஆட்டமான 'தி விட்னஸ்' 2009இல் அறிவிக்கப்பட்டு 2016 சனவரியில் வந்தது. தாமதமானாலும் வந்தவை இவை. அதனால் மியெகாகுரேக்காகக் காத்திருந்தவர்களும் நம்பிக்கையுடன் இருந்தனர். அந்த வரிசையில் இது மட்டுமே இன்னும் வரவில்லை.

ஏன் இத்தனை தாமதம்?

அறிவித்துவிட்டு வராமலே போகும் மென்பொருளை ஆங்கிலத்தில் 'ஆவிப்பொருள்' என்ற பொருள்படும் சொல்லால் கேலி செய்வதுண்டு. மியெகாகுரேயையும் சிலர் அப்படி அழைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்துக்குத் தேவையானவற்றைக் கணக்கிட்டால் அந்தக் கேலி அவ்வளவாக ஒட்டவில்லை.

முப்பரிமாண ஆட்டம் உருவாக்குபவருக்குக் கடையில் வாங்குவது போல எல்லாம் கிடைக்கும். உருவங்களை வடிக்கும் மென்பொருள், இயக்கும் எந்திரம், மோதல்களைக் கணிக்கும் நிரல் என்று அனைத்தும் ஆயத்தமாக உள்ளன. நாற்பரிமாணத்துக்கு இவை எதுவும் இல்லை. வழக்கமான ஆட்டத்தில் ஒரு மரத்தின் மேற்பரப்பு முக்கோணங்களால் ஆனது. நாற்பரிமாண மரத்தின் 'மேற்பரப்பு' முப்பரிமாணமானது என்பதால் அதை நான்முகிகளால் கட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு சட்டகத்திலும் அந்த நான்முகிகளை வெட்டி, கிடைக்கும் முக்கோணங்களையும் நாற்கரங்களையும் திரையில் வரைய வேண்டும். அந்த மரத்தை ஓர் ஓவியர் வடிவமைக்கவும் வழி வேண்டும். எந்தக் கோணத்தில் வெட்டினாலும் அது மரம் போலத் தெரிய வேண்டும் என்பது இன்னொரு தலைவலி.

சுழற்சியும் அப்படியே. பொருள்கள் ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்கின்றன என்று படித்திருக்கிறோம். அது முப்பரிமாணத்தில் மட்டும் தற்செயலாகச் சரிவரும் பேச்சு. உண்மையில் சுழற்சி ஒரு தளத்தில் நடக்கிறது. இருபரிமாணத்தில் அத்தகைய தளம் 1, முப்பரிமாணத்தில் 3, நாற்பரிமாணத்தில் 6. ஆகவே பந்து உருள்வது, கட்டை சாய்வது போன்ற எளிய இயக்கங்களுக்குக்கூடச் சமன்பாடுகளைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. டென் பாஸ்ச் இதை வடிவியல் இயற்கணிதத்தின் துணையுடன் செய்தார். எத்தனை பரிமாணங்களுக்கும் பொருந்தும் திடப்பொருள் இயக்கவியல் பற்றிய அவரது ஆய்வுக்கட்டுரை 2020இல் கணினி வரைகலையின் முதன்மை மாநாடான சிக்கிராஃபில் வெளியிடப்பட்டது. வராத ஓர் ஆட்டத்தின் பக்கவிளைவாக ஆய்வுக்கட்டுரை வருவது எல்லா நாளும் நடப்பதன்று.

ஃபோர்டி டாய்ஸ்

அந்த இயக்கவியல் நிரலை வைத்து 2017 சூனில் 'ஃபோர்டி டாய்ஸ்' என்ற சிறு செயலியை டென் பாஸ்ச் வெளியிட்டார். ஐபோன், ஐபேடு கருவிகளிலும் கணினியிலும், மெய்நிகர் உண்மைக் கருவியிலும் இது இயங்கும். புதிர்களோ வெற்றி தோல்வியோ இல்லை. நாற்பரிமாணப் பொம்மைகளைத் தள்ளலாம், உருட்டலாம், தூக்கி எறியலாம். மேலே விளக்கிய தோன்றி மறையும் பந்தை விரலால் தொட்டே பார்க்க முடிவதால், கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல கருவி. மியெகாகுரே எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு முன்சுவை. சிலருக்கு எரிச்சலும்தான், கேட்டது விருந்து, கிடைத்தது ஊறுகாய் என்று.

காத்திருப்பின் விலை

2009இல் நாற்பரிமாண ஆட்டங்கள் அரிது. அந்த நிலை மாறிவிட்டது. இதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை தாமே நிரல் எழுதத் தொடங்கியது. 2024 மார்ச்சில் 'கோட்பரேட்' என்ற யூடியூப் அலைவரிசையை நடத்துபவர் 'ஃபோர்டி கோல்ஃப்' என்ற நாற்பரிமாணக் குழிப்பந்தாட்டத்தை வெளியிட்டார். 'மைன்கிராஃப்ட்' போன்று கட்டைகளை வெட்டி அடுக்கும் நாற்பரிமாண ஆட்டமும் வந்துவிட்டது. எனவே 'முதல்' என்ற பெருமை மியெகாகுரேக்கு இனி முழுமையாகக் கிடைக்காது. வெறும் வியப்பைக் கொண்டு விற்க வேண்டிய ஆட்டமாக இருந்திருந்தால் இது பேரிழப்பு. புதிர்களின் தரமே அதன் முதல் என்றால் இழப்பு அவ்வளவு பெரிதன்று. மாறாக, ஒருவகையில் வேலை எளிதாகியும் இருக்கலாம்: நான்காம் பரிமாணத்தில் ஏற்கெனவே தட்டுத்தடுமாறிப் பழகிய விளையாட்டாளர்கள் இப்போது இருக்கிறார்கள்.

மறுபுறம், 2009இல் பள்ளியில் இருந்தபோது முன்னோட்டக் காணொளியைப் பார்த்து வியந்த ஒருவர் இன்று வேலைக்குப் போகும் வயதில் இருப்பார். விளையாட ஆசை இருக்கும், நேரம் இருக்குமா என்பது வேறு. ஆட்டத்தின் தளம்கூட இடையில் மாறிவிட்டது. அறிவிக்கப்பட்டபோது பிளேசிடேசன் 3 புழக்கத்தில் இருந்தது. 2020இல் பிளேசிடேசன் 5 வந்துவிட்டது. நல்வாய்ப்பாக, மியெகாகுரேயின் எளிய தோட்டக் காட்சிகள் அதிகம் பழையதாகவில்லை. டென் பாஸ்ச் திட்டத்தைக் கைவிட்டதாக அறிவிக்கவில்லை. ஸ்டீம் தளத்தில் ஆட்டத்துக்கான பக்கம் உள்ளது. விரும்புவோர் அதைத் தம் விருப்பப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.