முட்டையிடும் பேடுகளுக்குத் தாதுப்பொருட்கள்
மன்னார்த் தீவுக் கரையோரத்தில் கோழி வளர்ப்போருக்கு ஒரு விளக்கம்

தாழ்வுபாட்டுக் கடற்கரையிலே சிப்பி ஓட்டுக்குக் குறைவில்லை. எனினும், கரையோர வீடுகளில் வளரும் பேடுகள் சில வேளைகளில் மெல்லிய ஓடுள்ள முட்டைகளையும், ஓடேயில்லாத தோல் முட்டைகளையும் இடக் காணலாம். இத்தகைய முட்டை கடைக்குப் போய்ச் சேர்வதில்லை, அடைவைத்தாலும் பொரிப்பதில்லை. அதற்காகச் செலவிட்ட தீன் முழுவதும் நட்டமே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கோழித்தீன் அருந்தலாகி, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, கையிலுள்ள பொருளைக் கொண்டே இந்நட்டத்தைத் தவிர்க்கும் வழியை அறிந்திருத்தல் நன்று.

ஓடு எவ்வாறு உண்டாகின்றது?

60 கிராம் நிறையுள்ள ஒரு முட்டையில் ஓடு மாத்திரம் ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். அதில் நூற்றுக்கு 94 பங்கு கல்சியங் காபனேற்று ஆகும். எனவே ஒவ்வொரு முட்டையுடனும் 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட கல்சியம் பேட்டின் உடலை விட்டு வெளியேறுகின்றது. உண்ட கல்சியத்தில் ஏறக்குறையப் பாதியே உடலிற் சேருமாதலால், நாள்தோறும் முட்டையிடும் பேடு ஒன்று தினமும் 4 கிராம் கல்சியத்தை உண்ணுதல் வேண்டும். நெல், சோளம், தவிடு ஆகியவற்றில் இச்சத்து மிகச் சொற்பமே உண்டு. தீனிற் கிடையாதபோது பேடு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுத்து முட்டைக்குக் கொடுக்கும். இது நீடித்தால் ஓடு மெலியும், கால்கள் வலுவிழக்கும், ஈற்றில் முட்டையிடுதல் நின்றுவிடும்.

சிப்பித்தூள்

1905 ஆம் ஆண்டிலே பெரிய முத்துக்குளிப்பு நடைபெற்ற மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பியும், நீங்கள் கரையிற் பொறுக்கும் மட்டியும், முட்டை ஓடும் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை. சிப்பி ஓட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பங்கு கல்சியம் உண்டு. ஆகவே வேறு வழியில் கல்சியம் கிடையாத பேடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் சிப்பித்தூள் போதும்; 10 பேடுகளுக்கு 100 கிராம்.

வெறும் ஓடுகளைப் பொறுக்கி, கடலுப்பு நீங்கும்படி நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் உலர்த்தி, உரலில் இடியுங்கள். மாவாக இடித்தல் ஆகாது. அரிசிக் குறுணல் அளவாக இருத்தல் வேண்டும். ஓடு உருவாவதற்கு ஏறத்தாழ 20 மணித்தியாலம் செல்லும். அதிற் பெரும்பகுதி இரவிலேயே நடைபெறும். குறுணலாகக் கொடுத்த சிப்பி, இரையை அரைக்கும் பையில் தங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரைந்து உதவும். மாவோ விரைவில் வெளியேறிவிடும். பிற்பகலிற் கொடுப்பது சிறந்தது.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொடாதீர்கள். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். முருகைக்கல்லை உடைத்தெடுப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. வீட்டிற் கழியும் முட்டை ஓட்டை நன்றாக வறுத்து நொறுக்கிய பின்னரே கொடுக்கலாம். முழு வடிவிற் கொடுத்தால் பேடுகள் முட்டையையே கொத்தி உண்ணப் பழகிவிடும்.

துணைச் சத்துக்கள்

கல்சியம் தனித்து வேலை செய்யாது. பொசுபரசும் வேண்டும். தவிட்டிலுள்ள பொசுபரசிற் பெரும்பகுதியைக் கோழியாற் சீரணிக்க இயலாது. உப்பிடாத மீன் தலையும் முள்ளும் அவித்து உலர்த்தி இடித்த தூள் இக்குறையைத் தீர்க்கும். கல்சியம் உடலிற் சேர்வதற்கு விற்றமின் டீ இன்றியமையாதது. பகலில் வெயில் படும் பேடுகள் அதனைத் தாமே ஆக்கிக்கொள்ளும். மங்கனீசு குறைந்தாலும் ஓடு மெலியும். கடையில் விற்கும் முட்டைக் கோழித்தீனிலே இவையாவும் கலந்திருக்கும்.

உப்பைப் பற்றிய எச்சரிக்கை

கரையோரத்தார் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுவே. தீனில் நூற்றுக்கு 0.3 பங்கு உப்புப் போதும். நாளொன்றுக்கு 110 கிராம் தீன் உண்ணும் பேட்டுக்கு இது 0.33 கிராம் ஆகும். லீற்றர் ஒன்றில் 2 கிராம் உப்புள்ள உவர்க் கிணற்று நீரைக் கால் லீற்றர் குடித்தால், நீரிலிருந்து மாத்திரம் 0.5 கிராம் உப்பு உட்செல்கின்றது. இத்துடன் கருவாட்டுக் கழிவையும் கொடுத்தால் அளவு பன்மடங்காகும்.

அவுஸ்திரேலியாவில் 1980களில் நடைபெற்ற ஆய்வுகள், இவ்வாறான உவர்நீர் முட்டை ஓட்டைக் கெடுக்கும் என்பதைக் காட்டின. தீனிற் கல்சியம் நிறைந்திருந்தும் ஓடு கெட்டது. ஆகவே சிப்பித்தூளைக் கூட்டிக் கொடுப்பதால் மட்டும் இக்குறை தீராது; நீரை மாற்றுதல் வேண்டும். உங்கள் கிணற்று நீரை மழைநீருடன் ஒப்பிட்டுச் சுவைத்துப் பாருங்கள். உவர்ப்பாயின் அதனைப் பேடுகளுக்கு வையாதீர்கள். நன்னீர் அரிதாயினும், 10 பேடுகளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் வரையிலேயே வேண்டும். கடுங்கோடையிற் சற்றுக் கூடும். கருவாட்டுக் கழிவை நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே கொடுங்கள். அப்போது தீனில் வேறு உப்புச் சேர்க்க வேண்டாம்.

வெப்பமும் ஓட்டை மெலிவிக்கும். பேடு வாய்திறந்து மூச்சுவாங்கும்போது ஓட்டுக்கு வேண்டிய காபனேற்று இரத்தத்திற் குறைகின்றது. தீனும் குறைவாகவே உண்ணும். ஆதலால் கூட்டைப் பனையோலையால் வேய்ந்து, நிழலான இடத்தில் அமையுங்கள்.

வளரும் பேடுகளும் சேவல்களும்

முட்டையிடத் தொடங்காத பேடுகளுக்குத் தீனில் நூற்றுக்கு 1 பங்கு கல்சியம் போதும். முட்டையிடுவனவற்றுக்கு வேண்டியதோ 3.5 முதல் 4 பங்கு. மிகையான கல்சியம் இளம் பேடுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகையால் எல்லாம் ஒரே முற்றத்தில் மேயும் வீட்டிலே சிப்பித்தூளைத் தீனுடன் கலவாது, ஒரு சிரட்டையிலோ மரப்பெட்டியிலோ புறம்பாக வையுங்கள். தேவையுள்ள பேடு தானே தேடி உண்ணும்.

நோக்கி அறியும் முறை

1. முதலிற் சிப்பித்தூளைப் புறம்பாக வைத்து இரண்டு வாரம் பாருங்கள். ஓடு தடித்தால் குறை கல்சியமே.
2. தடிக்காவிடில் நீரையும் கருவாட்டுக் கழிவையும் மாற்றுங்கள். ஓடு தேறச் சில காலம் செல்லலாம்.
3. வயது முதிர்ந்த பேடுகளின் முட்டை பெரிதாகி ஓடு மெலிவது இயல்பு.
4. எல்லாப் பேடுகளும் திடீரெனத் தோல் முட்டை இட்டால், அல்லது மூச்சுத் திணறலும் சோர்வும் காணப்பட்டால், அது நோயாக இருக்கலாம். தாமதியாது கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

சிப்பி உங்கள் கரையிலேயே கிடக்கின்றது. அதனை இடித்து வைப்பதுடன், குடிக்க நன்னீரும் வைப்பீர்களாயின், பேடு உண்ட தீன் வீண்போகாது.