வலிப்பின் நடுவே சம்மதம் கேட்பது யாரிடம்?

மேலூரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வைகறை பாங்கு ஒலிக்கும் வேளையில் பிள்ளைக்கு வலிப்புக் காண்கிறது. அத்தா பதறி 108 ஊர்தியை அழைக்கிறார். அண்டை வீட்டாரோ இரும்புச் சாவியைப் பிள்ளையின் கையில் திணிக்கிறார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வலிப்பு 5 நிமிடங்களைத் தாண்டினாலே உயிராபத்து என்று கருத வேண்டும். நேரம் செல்லச் செல்ல அது மருந்துக்குக் கட்டுப்படுவதும் அரிதாகிறது.

இத்தகைய வேளைக்கு ஏற்ற மருந்து எது? நோயாளிகளிடையே முறையாக ஆய்வு நடத்தினால்தான் அதை உறுதியாக அறிய இயலும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆய்வில் சேர்க்கச் சம்மதம் வேண்டும், துடிப்பவருக்கோ நினைவில்லை. கலங்கி நிற்கும் தாயிடம் பல பக்கப் படிவத்தை விளக்குவதற்குள் காலம் கடந்துவிடும். விளக்காமல் வாங்கும் கையொப்பம் சம்மதமே ஆகாது.

வேறு இடர்களும் உள்ளன. வலிப்புப்போல் தோன்றுவன எல்லாம் மூளை வலிப்பு அல்ல. மனத்துயரால் வருவனவும் உண்டு. துடிப்பு நின்றும் நினைவு திரும்பாவிட்டால், அது மருந்தின் மயக்கமா, உள்ளே வலிப்புத் தொடர்கிறதா என்று உடனே சொல்வதும் கடினம்.

இவற்றைத் தாண்டியும் ஆய்வுகள் நடந்துள்ளன. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஆம்புலன்சிலேயே நடைபெற்றது; 893 பேர் சேர்க்கப்பட்டனர். தசையில் போடும் மிடசோலம் ஊசியும், இரத்தக்குழாயில் போடும் லோரசெபாம் ஊசியும் ஒப்பிடப்பட்டன. ஒவ்வொருவருக்கும் இரு ஊசிகள். அவற்றுள் ஒன்று மருந்தற்றது. எது எதுவென ஊசி போட்டவருக்கும் தெரியாது. மருத்துவமனையை அடையுமுன் வலிப்பு நின்றோர் முன்னதில் நூற்றுக்கு 73 பேர். பின்னதில் 63 பேர். துடிக்கும் கையில் இரத்தக்குழாயைத் தேடும் நேரம் தசை ஊசியில் மிச்சமாகிறது. தொலைவிலுள்ள நம் சிற்றூர்களுக்கு இது எத்துணை பயனுள்ள செய்தி!

அங்கே முன்கூட்டிய சம்மதத்துக்குச் சட்டம் விலக்கு அளித்தது. ஆனால் ஆய்வுக்கு முன்பே ஊராரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. விரும்பாதவர் அடையாள வில்லை அணிந்து விலகிக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 150 நோயாளிகளிடம் பெனிட்டாயின், வால்ப்ரோயேட், லெவெடிரசெட்டம் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. 2015இல் வெளியான முடிவு, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. சம்மதம் பெற எவ்வழியும் இல்லாத அவசரத்தில் அறநெறிக் குழு விலக்கு அளிக்கலாம். பின்னர் உறவினருக்குத் தெரிவித்தாக வேண்டும் என 2006ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறை கூறியது. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவம் உண்டு என்பது 2019ஆம் ஆண்டு விதி.

"ஏழைகளைச் சோதனை எலிகளாக்குகிறார்களோ?" என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும் ஆய்வே கூடாதென்றால், மருத்துவர் பழக்கத்தை நம்பியே ஊசி போட வேண்டியிருக்கும். ஆகவே அஞ்சாமல் கேளுங்கள்: அறநெறிக் குழு ஒப்புதல் உள்ளதா? மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா? பாதியில் விலகலாமா?

வீட்டில் வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். வலிப்புத் தொடங்கிய நேரத்தை நீங்கள் சரியாகச் சொன்னால், அதுவே மருத்துவருக்குப் பேருதவி.