ஆற்றுக் குளியலும் வயல் வடிநீரும்: ஊருக்குப் புறப்படும் முன் அறிய வேண்டியவை

காய்ச்சலோடும் உடல்வலியோடும், சிறுநீர் குறைந்த நிலையில் எங்கள் சிறுநீரகப் பிரிவுக்கு வருபவர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கடந்த ஒரு மாதத்திற்குள் ஆற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ இறங்கினீர்களா?" பலருக்கு இக்கேள்வி வியப்பளிக்கிறது. உடன் வந்தவர் சற்று யோசித்து, "ஆமாம் டாக்டர், ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தோம், எல்லோரும் ஆற்றில் குளித்தோம்" என்பார். அந்த ஒரு விடை நோயைக் கண்டறிவதில் ஓரிரு நாட்களை மிச்சப்படுத்திய தருணங்கள் பல. எலிக்காய்ச்சல் போன்ற நோயில், ஒருவருக்கு டயாலிசிஸ் தேவைப்படுமா என்பதைத் தீர்மானிக்க அந்த ஓரிரு நாட்களே போதுமானவை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். ஊருக்குப் போக வேண்டாம் என்றோ, ஆற்றங்கரையை மறந்துவிடுங்கள் என்றோ நாங்கள் சொல்லவில்லை. நெடுநாள் சிகிச்சையில் இருப்பவருக்கு வரப்பு ஓரத்தில் காலை நடையும், உற்றார் உறவினரின் பேச்சும், மர நிழலில் சற்று நேர உறக்கமும் மருந்துச்சீட்டில் எழுத இயலாத நன்மைகளைத் தருகின்றன. பசியும் தூக்கமும் திரும்பியதாக அவர்களே வந்து சொல்கிறார்கள். ஆனால் ஆற்றில் ஓடுவது வெறும் நீர் மட்டுமன்று. அதில் வேறு என்ன கலக்கிறது, அவற்றுள் எது கொதிக்கவைத்தால் அழியும், எது அழியாது என்பதை அறிந்துகொண்டால் இந்த மகிழ்ச்சியை அச்சமின்றி அனுபவிக்கலாம்.

வயலிலிருந்து ஆற்றுக்கு

காவிரிப் பாசனப் பகுதியை எடுத்துக்கொள்வோம். குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. அந்த நீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் செல்கிறது. வயலில் மிஞ்சியது வடிகால் வழியே மீண்டும் ஆற்றையோ அடுத்த ஊரின் வாய்க்காலையோ அடைகிறது. ஒருவர் வயலின் வடிநீர் மற்றொருவரின் பாசன நீராகிறது. வழியில் உள்ள படித்துறைகளில் அதுவே குளிக்கும் நீராகவும் ஆகிறது.

இந்தப் பயணத்தில் நீர் மூன்று பொருள்களைச் சுமந்து செல்கிறது: உரம், கால்நடை மற்றும் எலிகளின் கழிவு, பூச்சிக்கொல்லி. இம்மூன்றும் உடலைத் தாக்கும் வழிகள் வேறு. அவற்றிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளும் வேறு.

உரம்: கண்ணுக்குத் தெரியாத நைட்ரேட்

யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. அதாவது 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 கிலோ. நீர் தேங்கிய நெல் வயலில் இடப்படும் நைட்ரஜனில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவான பங்கையே பயிர் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. மற்றொரு பகுதி நைட்ரேட்டாக மாறி வடிநீரிலும் நிலத்தடி நீரிலும் சேர்கிறது. நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கண்ணாடிபோல் தெளிந்த கிணற்று நீரிலும் அது மிகுந்திருக்கலாம். இந்தியத் தரநிர்ணயத்தின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் கூடாது.

பெரியவர்களைவிட ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இதனால் உடனடி ஆபத்து. உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை மெத்தீமோகுளோபின் என்னும் வேறு வடிவத்திற்கு மாற்றிவிடுகிறது. அந்த வடிவத்தால் பிராணவாயுவைச் சுமந்து செல்ல இயலாது. பெரியவர்களின் உடல் இதை விரைவில் சரிசெய்துவிடும்; பச்சிளங் குழந்தைக்கு அந்த ஆற்றல் குறைவு. எனவே குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர் 1945-இல் இதை முதன்முதலில் விளக்கினார். கிணற்று நீரில் பால் கலந்து ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கு ஏற்பட்ட நீலநிறத்தின் காரணத்தை அவர் கிணற்றிலேயே கண்டறிந்தார்.

இங்குதான் பலரும் தவறிவிடுகிறோம். "நன்றாகக் கொதிக்கவைத்துத்தானே பால் கரைத்தோம்" என்பது தாய்மார்களின் இயல்பான விடை. கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், நைட்ரேட் அழியாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சும் நீரில் அதன் அடர்த்தி கூடவே செய்யும். சாதாரண வடிகட்டியும் புற ஊதாக் கதிர்க் கருவியும் இதை நீக்கா, ஆர்.ஓ. முறை பெருமளவு குறைக்கும். எல்லாவற்றிலும் சிறந்த காப்பு தாய்ப்பாலே. பால்பொடி தவிர்க்க இயலாதபோது, வயலை ஒட்டிய கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

பச்சைப் பாயாக மிதக்கும் பாசி

உரத்தில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் தேங்கிய நீரில் பாசியை வளர்க்கின்றன. பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகின்றன. நீலப்பச்சைப் பாசி வகைகள் சில, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சைச் சுரக்கின்றன. இந்த நச்சும் கொதிக்கவைத்தால் அழிவதில்லை.

சிறுநீரக மருத்துவர்களாகிய நாங்கள் மறக்க முடியாத நிகழ்வு ஒன்று 1996-இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் நடந்தது. நீலப்பச்சைப் பாசி பெருகிய நீர்த்தேக்கத்தின் நீர், போதிய அளவு சுத்திகரிக்கப்படாமல் ஒரு டயாலிசிஸ் மையத்தில் பயன்படுத்தப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் கல்லீரல் செயலிழந்து உயிரிழந்தனர். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் நோயாளியின் இரத்தத்தை ஒட்டிச் செல்கிறது. ஆற்றில் சேர்வது ஆற்றோடு போய்விடுவதில்லை என்பதை இத்துறையினர் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறிய மாட்டார்கள்.

கழிவு: எலிக்காய்ச்சல்

எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி வெளியேறலாம். மழைநீர் அதை வயலிலும் வாய்க்காலிலும் கொண்டு சேர்க்கிறது. அந்நீரில் இறங்குபவரின் தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, கண், மூக்கு, வாயின் வழியாகவோ அது உடலுக்குள் நுழைகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள்ளும், சிலருக்கு ஒரு மாதம் வரை கழித்தும் நோய் தோன்றுகிறது. திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, சிவந்த கண்கள் ஆகியன தொடக்க அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் நேரலாம். தொடக்கத்திலேயே அறிந்தால் டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற பழைய மருந்துகளே இதற்குப் போதும்.

பூச்சிக்கொல்லி

மருந்து தெளித்த வயலின் அருகில் அன்றைய தினம் செல்லாதீர்கள். வாய்க்காலில் மீன்கள் செத்து மிதந்தால் அந்நீரில் இறங்காதீர்கள். அந்த மீன்களை உண்ணவும் கூடாது. அளவற்ற வியர்வை, எச்சில் ஒழுகுதல், வாந்தி, கண்ணின் பாப்பா சுருங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நனைந்த உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவுங்கள். மருந்துப் புட்டியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

குளிக்கச் செல்பவர்கள் கவனத்திற்கு

1. பெருமழைக்குப் பின் இரண்டு நாட்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். வயல்களின் கழிவு அப்போதுதான் ஒருசேர வந்து சேரும்.
2. ஓடும் நீரில், வடிகால் வந்து சேரும் இடத்திற்கு மேற்புறத்தில் குளியுங்கள். தேங்கிய நீரையும் பச்சை படர்ந்த நீரையும் தவிருங்கள்.
3. காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் நீரில் இறங்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் புறப்படும் முன் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
4. கழுத்திலோ வயிற்றிலோ டயாலிசிஸ் குழாய் உள்ளவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் ஆறு, குளங்களில் குளிப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கரையில் அமர்ந்து காற்று வாங்கத் தடையில்லை.
5. குளித்த பின் நல்ல நீரால் உடலைக் கழுவிக்கொள்ளுங்கள்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு

எங்களிடம் வருபவர்களில் விவசாயக் குடும்பத்தினர் மிகப் பலர். நீரை மாசுபடுத்த எவரும் விரும்புவதில்லை என்பதை நாங்கள் அறிவோம். ஆற்றில் கரையும் உரம் அவர்களின் பணமும்தான். மழை மேகம் திரண்டிருக்கும் நாளில் மேலுரம் இடாதிருத்தல், இட்ட பின் சில நாட்கள் வயல் நீரை வடியவிடாமல் தடுத்தல், இலை வண்ண அட்டையைக் கொண்டு பயிரின் தேவையறிந்து யூரியா இடுதல் ஆகியவை செலவில்லாத வழிகள். வாய்க்கால் கரையோரம் சில அடிகள் உழாமல் புல்லோ வெட்டிவேரோ வளர விட்டால், அடித்துவரும் மண்ணையும் உரத்தையும் அது தடுத்து நிறுத்தும். எருக்குழியைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில், சுற்றிலும் கரை கட்டி அமையுங்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள். கழுவிய நீரை அதே வயலில் தெளித்துவிடுங்கள். காலி மருந்துப் புட்டியை நீரில் எறிய வேண்டாம். வேறெதற்கும் பயன்படாதபடி துளையிட்டு விடுங்கள்.

கொதிக்கவைப்பதால் வீட்டில் கிருமியை வெல்லலாம். உரத்தையும் நச்சையும் அடுப்பில் வெல்ல முடியாது; வயலின் வரப்பில்தான் தடுக்க முடியும்.

ஊர் திரும்பிய பின்

ஆற்றிலோ வயலிலோ இறங்கிய ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் வந்தால், இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். மருந்துக் கடையில் தாமாகவே டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கி உட்கொள்வது, ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிறுநீர் குறைந்தாலோ, கண்கள் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: எந்த நாளில், எந்த நீரில் இறங்கினீர்கள் என்று. பல பரிசோதனைகளுக்கு முன்பே எங்களுக்கு வழிகாட்டும் செய்தி அது.