யானை விலையும் தீனிச் செலவும்

உலகில் ஓடும் மோட்டார் கார்களுள் ஒரு சிறு கூட்டம் தனிச்சிறப்பு வாய்ந்தது. மக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வது மாத்திரம் அவற்றின் நோக்கமன்று. வேகத்திற்கும் அழகிற்குமாகவே அவை ஆக்கப்பட்டன. இத்தாலியிலே மரனெல்லோ என்னும் ஊரில் 1947ஆம் ஆண்டு முதற் காரை வெளியிட்ட பெராரி, அதே வட்டாரத்தில் 1963இல் தோன்றிய லம்போர்கினி, ஜேர்மனியின் போர்ஷே முதலிய பெயர்களைக் கேட்டமாத்திரத்தே உள்ளம் துள்ளாத இளைஞர் அரியர்.

இக்கார்களைப் புதிதாக வாங்குவோர் பெருஞ் செல்வர். எனினும் பத்து அல்லது பதினைந்து ஆண்டுகள் சென்றபின் இவற்றுட் பலவற்றின் விலை வெகுவாக இறங்கிவிடுகின்றது. அருமைப்பட்ட சில வகைகளின் விலை பின்னர் ஏறுவதும் உண்டு. ஆயினும் இறங்கி நிற்குங் காலமே பலருக்கும் ஆசையை ஊட்டுங் காலமாகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தர வருவாயுடைய ஒருவர், புதிய சாதாரணக் கார் ஒன்றின் விலைக்குச் சற்று மேலே கொடுத்து, பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு உரிமையாளராகிவிடலாம். வாங்குவது எளிது, வைத்திருப்பது எளிதோ என்பதே வினா. யானையைக் கட்டித் தீனி போடுவது யாவர்க்கும் இயலுவதன்று என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இதற்கும் பொருந்தும்.

முதலில் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. காரின் விலை ஆண்டுதோறும் இறங்கலாம். ஆனால் அதன் உதிரிப் பாகங்களின் விலையும் அதனைப் பழுதுபார்க்குந் தொழிலாளரின் கூலியும் அதனோடு சேர்ந்து இறங்குவதில்லை. ஓர் உதாரணத்தை நோக்குக. புதிதாக 1,00,000 பவுண் விலைபெற்ற கார் ஒன்று இன்று 40,000 பவுணுக்கு விற்கப்படுகின்றது எனக் கொள்க. அதற்கு 4,000 பவுண் செலவில் ஒரு பெரிய பராமரிப்பு வேலை வருகின்றது. முதல் உரிமையாளருக்கு அது காரின் விலையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இன்று வாங்கியவருக்கோ பத்தில் ஒரு பங்கு. வேலை ஒன்றே, அதனைத் தாங்கும் தோள்தான் வேறு.

இவ்வேலைகள் இத்துணைப் பணத்தை விழுங்குவது ஏன்? பாகங்கள் குறைந்த தொகையிலேயே செய்யப்படுவது ஒரு காரணம். எஞ்சின் அமர்ந்திருக்கும் இடம் மற்றொரு காரணம். சாதாரணக் காரில் முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் கண்முன்னே கிடக்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றிலோ, பாரம் நடுவிலே நிற்கவேண்டும் என்பதற்காக, அது இருக்கைகளுக்குப் பின்னால் நெருக்கமாக அடைத்துவைக்கப்பட்டிருக்கும். 1994 முதல் 1999 வரை செய்யப்பட்ட பெராரி எஃப் 355 இதற்குத் தக்க சான்று. அதன் எஞ்சினில் எட்டுச் சிலிண்டர்களும் நாற்பது வால்வுகளும் உள்ளன. அவ்வால்வுகளைக் காலந்தவறாது இயக்குவன இரப்பர் பெல்ட்டுகள். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றியே ஆகவேண்டும். மாற்றாதுவிட்டு அவை அறுந்தால், வால்வுகள் பிஸ்டன்களில் மோதி எஞ்சினே நாசமாகும். அந்தப் பெல்ட்டுகளை மாற்றுவதற்கோ எஞ்சின் முழுவதையும் காரினின்று கீழிறக்க வேண்டும். பெல்ட்டின் விலை சிறிது. அதனை அணுகுவதற்குக் கொடுக்கும் கூலியே பெரிது.

அதற்குப் பின்வந்த 360 மொடேனாவில், இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள தகட்டைக் கழற்றி, எஞ்சினை இறக்காமலே பெல்ட்டுகளை மாற்ற இயலும். 2004இல் வெளிவந்த எஃப் 430இல் பெல்ட்டுகளுக்குப் பதிலாக உலோகச் சங்கிலிகள் அமைந்தமையால் அச்செலவே ஒழிந்தது. ஒரே பட்டறையின் மூன்று படைப்புக்களுக்கிடையே எவ்வளவு வேற்றுமை! ஆதலின் காரின் நிறத்தையும் ஓசையையும் ஆராயுமுன், அதன் எஞ்சின் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் கேட்டறிவது அறிவுடைமையாகும்.

பெருந்தொகையிற் செய்யப்பட்ட கார்களுக்குப் பாகங்களும் கைதேர்ந்த தொழிலாளரும் எளிதிற் கிடைப்பர். போர்ஷே 911 இவ்வகையில் நற்பெயர் பெற்றது. ஆயினும் அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. 1997இல் வெளிவந்த 996 என்னும் வகையின் சாதாரண எஞ்சின்களில், இடைத்தண்டைத் தாங்கும் சிறு பெயரிங் ஒன்று சிலவற்றிற் பழுதுற்று எஞ்சினையே அழித்ததுண்டு. எல்லாக் கார்களுக்கும் இது நேர்வதன்று. கிளச் மாற்றும்போது கியர்ப் பெட்டி எப்படியும் கழற்றப்படுவதால், விவேகிகள் அவ்வேளையிலேயே அப்பெயரிங்கையும் மாற்றிவிடுகின்றனர். முன்னைய உரிமையாளர் அவ்வாறு செய்தாரா என்பது விலைபேசுமுன் கேட்கவேண்டிய கேள்வி.

செலவுக்கு அஞ்சுவோர் நாடும் வேறு சில கார்களும் உண்டு. ஜப்பானிய ஹொண்டா நிறுவனம் 1990இல் வெளியிட்ட என்.எஸ்.எக்ஸ், பெராரியோடு போட்டியிடவே பிறந்தும், சாதாரணக் காரின் நம்பிக்கையோடு ஓடுவது எனப் புகழ்பெற்றது. எனினும் அதன் அலுமினிய உடல் விபத்தில் நசுங்கினால் திருத்துவது எளிதன்று. இங்கிலாந்தின் லோட்டஸ் எலிஸ் காரில் 2004 முதல் டொயோட்டாவின் எஞ்சினும் பொருத்தப்பட்டது. இலேசான காராதலால் டயர்களும் பிரேக்குகளும் மெல்லவே தேய்கின்றன.

இனி, காரை நேரிற் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, பராமரிப்புப் பதிவேடும் பற்றுச்சீட்டுக்களும். விற்பவரின் வாய்மொழி காற்றோடு போகும். திகதியிட்ட பற்றுச்சீட்டுப் பேசும். இரண்டாவது, டயர்கள். அவற்றின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். தேயாத டயரும் முதுமையால் இறுகிப் பயனற்றதாகும். மூன்றாவது, கிளச். காலால் மிதியாமல் இயந்திரமே கிளச்சை இயக்கும் பழைய பெராரி, லம்போர்கினிக் கார்களில், நகர நெரிசலில் ஊர்ந்து செல்லுதல் கிளச்சை விரைவில் தேய்க்கும். தேய்மானம் எவ்வளவு என்பதைத் தக்க கருவி பூட்டி அறியலாம். நான்காவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனை இயக்கிப் பார்த்தல். வாங்க வருபவர் வருமுன்னரே சூடேற்றப்பட்ட எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடக்கூடும்.

மிகக் குறைவாக ஓடிய கார் மிகச் சிறந்தது என்னும் எண்ணமும் திருத்தத்தக்கது. பல்லாண்டு அசையாது நின்ற காரில் இரப்பர் அடைப்புக்கள் காய்ந்து எண்ணெய் கசியும், பெற்றோல் கெடும், பற்றரி சாகும். அளவாக ஓடி, ஆண்டுதோறும் கவனிக்கப்பட்ட காரே நலமுடையது. இவையெல்லாவற்றிற்கும் மேலாக, விற்பவருக்கு வேண்டியவரல்லாத, அவ்வகைக் கார்களிற் பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தேனும் அழைத்து, சிலிண்டர்களின் அழுத்தம் முதலியவற்றைச் சோதிப்பித்தல் வேண்டும். அக்கூலியை மிச்சம்பிடிக்க நினைப்பவர் பின்னர் அதனைப் பன்மடங்காகச் செலுத்த நேரிடும.

ஒரே வகைக் கார்கள் இரண்டில் ஒன்று மிக மலிவாக விற்கப்படுமாயின், அம்மலிவின் காரணத்தை ஆராய்தல் வேண்டும். பெரும்பாலும் அதன் விடை இதுவே: முன்னைய உரிமையாளர் செய்யாது தள்ளிவைத்த வேலைகள் அதனுள்ளே ஒளிந்துகிடக்கின்றன. அவர் செலுத்தாத கடனையும் சேர்த்தே அவர் விற்கின்றார். வாங்குபவர் அதனை அறியாமலே ஏற்றுக்கொள்கின்றார். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்தவரால் அக்கடனை அடைக்க இயலாது. கார் கொட்டிலில் உறை போர்த்து நிற்கும். குடும்பத்தின் சேமிப்புக் கரையும். இறுதியில் அது இன்னும் மலிவாக மற்றொருவர் தலையில் விழும்.

ஆகவே, விலைக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தொடாது வைத்து, எஞ்சியதற்கு எந்தக் கார் அமையுமோ அதனையே தேடுதல் நன்று. உயர்ந்த வகையிற் கெட்டுப்போன ஒன்றினும், அதனிற் சற்றுத் தாழ்ந்த வகையிற் செவ்வனே பேணப்பட்ட ஒன்று மேலானது. பெரும் பராமரிப்பு வேலை முடிந்த காருக்குச் சிறிது கூடுதலான விலை கொடுத்தல் நட்டமன்று. வீதியில் ஓடும் காரே மகிழ்ச்சி தரும். தீனிக்கு வழிசெய்துகொண்டு யானையை வாங்குபவன், அதன்மீது ஏறி ஊர்வலமும் போகலாம்.