கோள்களின் படங்களுக்குக் கூர்மை தருவது எப்படி?

நண்பகலில் தார்ச்சாலையில் தொலைவில் வரும் பேருந்து நெளிவதுபோல் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். பேருந்து நெளிவதில்லை, சூடேறிய காற்றினூடே வரும் ஒளிதான் வளைந்து வளைந்து வருகிறது. இரவு வானிலும் இதே கதைதான். வெப்பநிலை வேறுபட்ட காற்றுத் திரள்கள் நம் தலைக்கு மேல் ஓயாமல் புரள்கின்றன. அதனால் விண்மீன் மின்னுகிறது. தொலைநோக்கியில் வியாழன், ஓடும் நீரின் அடியில் கிடக்கும் நாணயம்போல் அலைபாய்கிறது.

ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. வியாழன் நமக்கு அருகில் வரும்போது அதன் வட்டு ஏறத்தாழ 45 விகலை. 20 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி 0.6 விகலை இடைவெளியையும் பிரித்துக் காட்ட வல்லது. ஆனால் காற்று பல இரவுகளில் 2 விகலை அளவுக்குப் படத்தைக் கலைத்துவிடுகிறது.

இதற்குப் பழைய வானியலார் கண்ட வழி காத்திருப்பதே. 1852-இல் சென்னை வானாய்வகத்தில் கேப்டன் ஜேக்கப், சனியின் மங்கலான உள்வளையம் ஒளி புகவிடுவது என்பதையும், அதனூடே கோளின் உருவம் தெரிவதையும் கண்டார். அதே ஆண்டில் மால்ட்டா தீவிலிருந்து லாசல் என்பவரும் தனியாகக் கண்டார். காற்று அமைதியுறும் ஓரிரு நொடிகளில் கண் பற்றிக்கொள்வதை வைத்தே அக்காலத்தார் இத்தகைய நுட்பங்களை அறிந்தனர்.

இன்று அந்தப் பொறுமையைக் காமிரா ஏற்றுக்கொண்டது. நொடிக்கு 50 படம் வீதம் இரண்டு நிமிடம் எடுத்தால் 6,000 படங்கள். அவற்றுள் தெளிவானவை எத்தனை தேறும்? டேவிட் ஃபிரீட் 1978-இல் இதற்கொரு கணக்குத் தந்தார். காற்று 4 செ.மீ. அகலத்துக்குச் சீராக இருக்கும் இரவில், 20 செ.மீ. தொலைநோக்கிக்கு ஒன்பதில் ஒரு படம் தேறும். அதே இரவில் 40 செ.மீ. தொலைநோக்கிக்குப் பத்து லட்சத்தில் ஒன்றுதான்! பெரிய கருவி வாங்க முடியவில்லையே என்று ஏங்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டுவதிலும் ஒரு தடை உண்டு. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே சுற்றிவிடும். இரண்டு நிமிடத்தில் அதன் நடுப்பகுதி சுமார் 1,500 கி.மீ. நகர்ந்துவிடுகிறது. நமக்கு அது அரை விகலை. இன்னும் நீட்டினால் சுழற்சியே படத்தை மங்கச் செய்யும்.

தேறிய 600 படங்களைக் கணிப்பொறி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. கோளின் பட்டைகள் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருப்பதால் அப்படியே நிற்கும். காமிராவின் மின்னணு இரைச்சலோ இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுவதால் தன்னைத்தானே தணித்துக்கொள்ளும். படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை மடங்கு தணியும் என்பது கிடைக்கும்: 600-க்கு ஏறத்தாழ 24.

இவ்வளவு செய்தும் கிடைக்கும் சராசரிப் படம் வெண்ணெய் பூசினாற்போல் மங்கலாகவே இருக்கும். பலர் இங்கேதான் மனம் தளர்கிறார்கள். உண்மையில் நுண்விவரங்கள் அழியவில்லை. அவற்றின் ஒளி வேறுபாடு மட்டுமே குறைந்திருக்கிறது. அதை உயர்த்துவதே கூர்மையாக்கல். இருட்டறைக் காலத்தில் நெகட்டிவின்மேல் அதன் மங்கலான பாசிட்டிவை வைத்து அச்சிட்டார்கள். இப்போது கணிப்பொறி படத்தின் மங்கலான பிரதி ஒன்றைத் தயாரித்து, மூலத்திலிருந்து கழிக்கிறது. ஒரு புள்ளியின் ஒளி மூலத்தில் 105, பிரதியில் 100 என்க. வேறுபாடு 5. அதை மும்மடங்காக்கி 100-உடன் கூட்டினால் 115. மங்கிய பட்டை எழுந்து நிற்கும். ஆனால் இரைச்சலும் கூடவே மும்மடங்காகும். ஒற்றைப் படத்தில் இரைச்சல் 4 என்றால் அது 12 ஆகிப் பட்டையை விழுங்கிவிடும்; 600 படங்களின் சராசரியிலோ அரைதான் வரும். முதலில் அடுக்கு, பிறகு கூர்மையாக்கு என்னும் வரிசை இதனால்தான் மாறக்கூடாது. 'சிற்றலை' முறையில் படத்தை நுண்மை வாரியாகப் பல அடுக்குகளாய்ப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்கு உயர்த்தலாம். நெதர்லாந்தின் கோர் பெர்ரவூட்ஸ் எழுதிய 'ரெஜிஸ்டாக்ஸ்' நிரல் இந்த முறையைப் பொழுதுபோக்கு வானியலாரிடையே பரப்பியது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கைப்பிடியைச் சற்று அதிகம் திருகினால் இல்லாதவை தோன்றும். செவ்வாயின் ஒளிமிக்க விளிம்புக்கு உள்ளே மெல்லிய கரும்பிறை ஒன்று முளைக்கும். அது செவ்வாயில் இல்லை. அளவீட்டில் இருப்பதற்கு மேல் பிழிந்தெடுக்கும் ஆசை தேர்ந்தவரையும் விடாது. சனியின் வளையத்தைச் சரியாகக் கண்ட அதே ஜேக்கப், 1855-இல் 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் பாதைப் பிசகுகளைக் கொண்டு அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று சென்னையிலிருந்து அறிவித்தார். பிற்கால அளவீடுகள் அதை ஏற்கவில்லை. ஆகவே நம் படத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், அடுத்த இரண்டு நிமிடப் பதிவையும் தனியே பதப்படுத்திப் பார்க்க வேண்டும். அதே புள்ளி கோளின் சுழற்சிக்கேற்ப நகர்ந்திருந்தால் நம்பலாம்.

நம்பத்தக்க படத்துக்கு மதிப்பு பெரிது. பிலிப்பைன்ஸின் செபு நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோ, 2006 பிப்ரவரியில் வியாழனின் வெண்புயல் ஒன்று சிவந்திருப்பதைத் தம் படத்தில் கண்டார். பின்னர் ஹப்பிள் தொலைநோக்கியும் அச்சிவப்புப் புயலைப் படமெடுத்தது. செபு நம் கொடைக்கானலின் அட்சரேகையிலேயே இருக்கிறது. தாழ்வாகத் தெரியும் கோளின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வரவேண்டும். வியாழன் தெற்கே மிகவும் சாய்ந்த ஆண்டுகளில் லண்டனில் அது அடிவானிலிருந்து 15 பாகை உயரமே எழும். நம் காடாம்புலியூரில் அதே வியாழன் 54 பாகைக்குக் குறையாமல் ஏறும். கோள்கள் ஒளிமிக்கவை என்பதால் நெய்வேலியின் விளக்கு வெளிச்சமும் தடையன்று.

தடையாவது மொட்டைமாடிதான். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுத் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். தொலைநோக்கியைக் கீழே இறக்கி முந்திரித் தோப்பை அடுத்த வெறும் மண்தரையில் வைத்து, காற்றோடு அதன் சூடு சமமாக ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பின்பு பதிவைத் தொடங்கலாம்.